விசில் வராத குக்கர்

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு எழுதியது என்று பார்த்தால், கல்யாணப் பத்திரிகை உறைகளில் பெயர் எழுதியதும் ஆபீஸ்களில் கையெழுத்துப் போட்டதும்தான். அப்படிப்பட்டவன் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. அதிலும் ஐம்பதைத் தொடப்போகிற ஆம்பிளை, எழுத வந்ததும் குக்கரைப் பற்றி எழுதுகிறான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாம் என்றால் எனக்கு அது இதைவிடக் கஷ்டம். கூட்டத்தில் பேசினால் என் குரல் என் காதுக்கே எட்டாது. எழுதும்போது எதிரில் முகம் இல்லை. அந்த ஒரு தைரியத்தில் எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகிற வழியில், ரோட்டிலிருந்து கொஞ்சம் இறக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காப்பிச் செடி, நிழல் மரங்களில் மிளகுக் கொடி. எனக்கு எஸ்டேட்டில் பம்ப் மோட்டார் பார்க்கிற வேலை. மனைவிக்கும் அதே எஸ்டேட்டில் வேலை. மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். மாதத்துக்கு ஒரு தடவை வருவான். மருமகள் எங்களோடு இருந்தாள்.

மோட்டார் பார்க்கிறவன் என்பதால் வீட்டில் எது நின்றுபோனாலும் என்னிடம்தான் வரும். கிரைண்டர் பெல்ட் நழுவினால் மாற்றுவேன். அடுப்பு பர்னரில் பால் பொங்கி அடைத்துக்கொண்டால் ஊசியால் ஒவ்வொரு கண்ணாகக் குத்தி எடுப்பேன். சாயங்காலம் எங்கள் பக்கம் வோல்டேஜ் இறங்கிவிடும், மிக்சி சுற்றாமல் முனகும். அப்போது போடாதே, மோட்டார் கருகும் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். ரிப்பேர் செய்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. கடையில் போய் வாங்குவதில்தான் கூச்சம். கடைக்காரர் எதை எடுத்து நீட்டுகிறாரோ அதை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். இது வேண்டாம், வேறு காட்டுங்கள் என்று சொல்ல வாய் வராது.

அப்படித்தான் குக்கருக்கு ஒரு சேஃப்டி வால்வு வாங்கி வந்தேன். அந்தக் குக்கர் மருமகளோடு சீராக வந்தது. இந்த ஊர்க் குளிருக்குப் பருப்பு சட்டியில் வேக ரொம்ப நேரம் பிடிக்கும், அதனால் வந்த நாள் முதல் அதற்கு ஓய்வு கிடையாது. மழைக்காலத் தொடக்கத்தில் அதன் மூடியிலிருந்த வால்வு ஓரமாகக் கசிய ஆரம்பித்தது. ஏற்காட்டில் ஒரு பாத்திரக் கடையில் கேட்டேன். கடைக்காரர் ஒரு டப்பாவைக் கிளறி ஒன்றை எடுத்து, இது எல்லாக் குக்கருக்கும் சேரும் என்று கொடுத்தார். நானும் வாங்கி வந்து முடுக்கினேன். சேர்ந்தது.

மனைவி அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நம்ம குக்கர்துதானான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள்.

"சேருதில்ல?"

"தலைக்குச் சேருதுன்னு அடுத்தவன் தொப்பிய எடுத்து மாட்டிக்குவீங்களா?"

உள்ளேயிருந்து மருமகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன்.

மருமகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளியூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் ஆட்களில் மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது குறைவு. மற்ற வீடுகளிலாவது இப்போது கொஞ்சம் பேசிக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் என் கூச்சமும் சேர்ந்துகொண்டதால் அதுவும் இல்லை. எனக்குக் காப்பி வேண்டுமென்றால் மனைவியிடம் சொல்வேன், மனைவி அவளிடம் சொல்வாள். மூவரும் ஒரே அறையில் நின்றுகொண்டிருந்தாலும் அப்படித்தான். நான் வீட்டுக்குள் வந்தால் அவள் எழுந்து நிற்பாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுவாள்.

"உக்காந்துக்க கண்ணு. அவரென்ன கலெக்டரா?" என்பாள் மனைவி. மருமகள் கேட்கமாட்டாள்.

அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். அதற்கு முன் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே தங்காமல் போயிருந்தது. அந்த நாட்களில் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். என்ன சொல்வது என்று தெரியாமல் பம்ப் ரூமுக்குப் போய்விடுவேன். இந்தத் தடவை வயிறு தெரிய ஆரம்பித்த பிறகுதான் வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டோம். அதையும் சத்தம் வராமல் விட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் எழுந்து நின்று சிரமப்பட வேண்டாம் என்று நான் முன்வாசல் வழியாக வருவதையே குறைத்துக்கொண்டேன். அவள் சமையலறையில் இருந்தால் அந்தப் பக்கம் போவதே இல்லை.

ஆயுத பூசை வந்தது. எங்கள் வீட்டில் அரிவாள், மண்வெட்டி, என் ஸ்பேனர் செட்டு எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைப்போம். அவற்றோடு மிக்சி, கிரைண்டர், அடுப்பு, குக்கர் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. எங்களுக்குச் சோறு போடுவது அரிவாளா குக்கரா என்று கேட்டால் என் மனைவி குக்கர் என்றுதான் சொல்வாள். ஒரு கிண்ணத்தில் சந்தனத்தூளையும் மஞ்சளையும் கெட்டியாகக் குழைத்து வைத்தாள். மூன்று பேரும் விரலில் தொட்டுத் தொட்டு வைத்தோம், அதன்மேல் குங்குமம். குக்கரின் பாத்திரம் தனியாக, மூடி தனியாக, வெயிட் தனியாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு.

"வெச்ச பொட்ட அழிக்கக்கூடாது கண்ணு" என்றாள் மனைவி. "தேய்ச்சுக் கழுவிப்போடாத. அதுவா போறப்ப போவட்டும்."

"செரிங்க அத்தை."

அன்றைக்குச் சமையல் வேறு பாத்திரங்களில் நடந்தது. பூசையில் வைத்தவற்றை அன்று எடுக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமிக்குக் காலையில் கற்பூரம் காட்டிவிட்டு எடுத்து, ஆளுக்கு ஒரு வேலையாவது தொடங்க வேண்டும்.

அந்தக் காலையில் மனைவி சுண்டலும் பொரியும் கட்டிக்கொண்டு ஏற்காட்டிலிருந்த தன் தங்கை வீட்டுக்குப் போனாள். மதியம் சோற்றுக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள். வீட்டில் நானும் மருமகளும் மட்டும். நான் முன்னறையில் தரையில் உட்கார்ந்து மிக்சியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டேன். ஜாரைச் சுழற்றுகிற ரப்பர் கப்ளரின் பல் தேய்ந்து, ஜார் நழுவிக்கொண்டிருந்தது. புது கப்ளர் என்னிடம் இருந்தது. பழையதைத் திருகி எடுப்பதுதான் வேலை. அது துருப்பிடித்து மறுத்தது.

உள்ளே அவள் குக்கரை அடுப்பில் வைக்கிற சத்தம் கேட்டது. லைட்டர் சொடுக்கியது. பிறகு முக்காலியை இழுத்து உட்கார்ந்து அவரைக்காய் நறுக்குகிற சத்தம்.

விசிலை எண்ணுவது எங்கள் வீட்டில் என் வழக்கம். யாரும் ஒப்படைத்த வேலை இல்லை. மோட்டார் சத்தத்திலேயே இருப்பவனுக்குக் காது தானாக அந்தப் பக்கம் போய்விடும். பருப்புக்கு மூன்று. மூன்றாவது வந்ததும் மனைவி அடுப்பை அணைக்கப் போவாள்.

கப்ளர் கடைசியில் கழன்றது. புதியதை மாட்டி, கையால் சுற்றிப் பார்த்தேன். நன்றாக நின்றது. அப்போதுதான் ஒரு விசில்கூட வரவில்லை என்பது தட்டியது.

வெயிட் போட மறந்திருப்பாள் என்று முதலில் நினைத்தேன். வெயிட் இல்லையென்றால் ஆவி 'புஸ்ஸ்' என்று போய்க்கொண்டே இருக்கும், அந்தச் சத்தம் இல்லை. கேஸ்கெட் ஓரமாகக் கசிந்தால் தண்ணீர் அடுப்பில் சொட்டிச் சுர் சுர் என்னும், அதுவும் இல்லை. பருப்பு வேகிற வாசனையும் இல்லை. அடுப்பு எரிகிற சத்தம் மட்டும் வந்தது. தீ பெரிதாகத்தான் எரிந்தது.

பம்ப் ரூமில் எனக்கு ஒன்று தெரியும். தண்ணீர் போகிற குழாயில் தண்ணீர் போகவில்லையென்றால், அது எங்கேயோ நின்றுகொண்டு தள்ளுகிறது என்று அர்த்தம்.

நான் சமையலறை வாசலுக்குப் போகவில்லை. பின்பக்கம் சுற்றி ஜன்னலுக்குப் போனேன். எங்கள் சமையலறை ரயில் பெட்டி மாதிரி நீளம், அகலம் குறைவு. ஒரே வாசல். வாசலைத் தாண்டியதுமே இடது கைப்பக்கம் கடப்பைக்கல் மேடை, அதன்மேல் அடுப்பு. மேடைக்குக் கீழே கேஸ் சிலிண்டர். மறுகோடியில் ஜன்னலும் அதற்குச் சற்று முன்னால் தரையில் பெரிய கிரைண்டரும். வெளிச்சத்துக்காக அவள் எப்போதும் கிரைண்டருக்குப் பின்னால்தான் முக்காலி போட்டு உட்காருவாள்.

ஜன்னலின் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். அவள் முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருந்தாள். குக்கர் அடுப்பில் இருந்தது. வெயிட் அதன்மேல் இருந்தது, ஆடவில்லை. வெயிட்டின் அடியில், அது உட்காருகிற முனையைச் சுற்றி, மஞ்சளும் சிவப்புமாக ஒரு வளையம் தெரிந்தது.

சந்தனம். மூன்று பேரில் யாரோ ஒருவர் மூடிக்குப் பொட்டு வைக்கும்போது, மேலே நீட்டிக்கொண்டிருக்கிற அந்த முனையின் உச்சியில் வைத்துவிட்டார். ஆவி போகிற ஓட்டை அதுதான். ஒரு பகல் ஒரு இரவு காய்ந்து சிமெண்டு மாதிரி ஆகியிருக்கும். அவள் அத்தை சொன்னபடி அதைத் தொடாமல் உள்பக்கம் மட்டும் கழுவி, அதன்மேல் வெயிட்டை வைத்திருக்கிறாள். அடியிலிருந்து பருப்பு நுரையும் வந்து சேர்ந்திருக்கும்.

மிச்சம் இருப்பது வால்வு. அது நான் வாங்கிய வால்வு. நல்ல வால்வாக இருந்தால் இந்நேரம் அது திறந்திருக்க வேண்டும்.

பயத்துக்கும் முன்னால் வந்தது வேறொரு கணக்கு. அவள் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அவளுக்கும் குக்கருக்கும் நடுவே கிரைண்டர் இருக்கிறது. கல்லும் இரும்புமாக நல்ல கனம். நான் வாசலில் போய் நின்றால் அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். எழுந்து நிற்பாள். ஜன்னலில் கூப்பிட்டாலும் எழுந்து நிற்பாள். மாமனார் ஒருநாளும் கூப்பிடாதவர் கூப்பிடுகிறார் என்று பதறி, அடுப்பைத் தாண்டி வாசல் பக்கமாக நடந்தே வந்துவிடுவாள்.

அதனால் உருவம் தெரியாமல் பேச வேண்டும். வீட்டுக்குள் வந்து, சமையலறை வாசலுக்கு இந்தப் பக்கம் சுவரோடு ஒட்டி நின்றேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. இரண்டு வருடமாக அவளை நான் கூப்பிட்டதே இல்லை.

"கண்ணு" என்றேன். என் குரல் அவளுக்குக் கேட்கவில்லை. நறுக்குகிற சத்தம் நிற்கவில்லை.

"கண்ணு, எந்திரிக்காத" என்றேன், இன்னும் கொஞ்சம் உரக்க.

கத்தி நின்றது. முக்காலி நகர்ந்தது. அவள் எழுந்துவிட்டாள்.

"மாமாவுங்களா? ஏனுங்க மாமா?"

"உக்காரு. உக்காரு சாமி. கிரைண்டருக்குப் பின்னாலயே உக்காரு."

"காப்பி வேணுங்களா?"

"காப்பி வேணாம். குக்கரு அடச்சிருக்குது. வெடிச்சாலும் வெடிக்கும். தலைய கீழ வெச்சு உக்காரு."

முக்காலி மறுபடி நகர்ந்தது. "உக்காந்துட்டனுங்க" என்றாள். குரல் சின்னதாகிவிட்டது. "நான் போயி அணைச்சுட்டு வந்துரட்டுங்களா?"

"வேணாம். நீ அசையாத. நான் அணைக்கறேன்."

அடுப்பின் திருகைத் திருப்ப வேண்டுமென்றால் குக்கருக்கு நேராக முகத்தைக் கொண்டுபோக வேண்டும். சிலிண்டர் ரெகுலேட்டர் மேடைக்குக் கீழே இருக்கிறது. கடப்பைக்கல் கனமானது, மேலே என்ன நடந்தாலும் கீழே தாங்கும் என்று நினைத்தேன். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்காலில் தவழ்ந்து வாசலுக்குள் போனேன். கிரைண்டரின் ஓரத்திலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். மாமனார் குழந்தை மாதிரி தவழ்ந்து வருவதைப் பார்த்து அவளுக்கு என்ன தோன்றியதோ, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேடைக்கடியில் என் தலைக்கு மேலே குக்கர் இருந்தது. அந்தச் சூட்டில் உலோகம் விரிகிற சத்தம் கல் வழியாகக் கேட்டது. டிக் டிக் என்று, விட்டு விட்டு. ரெகுலேட்டரைத் திருப்பினேன். முதலில் கை நழுவியது. உள்ளங்கை ஈரமாக இருந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பத் திருப்பினேன். மேலே தீ 'பக்' என்று அணைந்தது.

தவழ்ந்தபடியே பின்னால் வந்து வாசலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன்.

"அணைஞ்சிருச்சுங்க மாமா" என்றாள்.

"அணைஞ்சாலும் உள்ள இருக்கறது இருக்கும். ஆறோணும். அதுவரைக்கும் கிட்ட போவக்கூடாது."

"தண்ணி ஊத்துனா ஆறாதுங்களா?"

"யாரு கிட்ட போயி ஊத்தறது?"

பேசாமல் இருந்தால் அவள் எழுந்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. பேச விஷயம் தேடினேன். மிக்சி சரியாகிவிட்டது என்று சொன்னேன். நல்லதுங்க என்றாள். அவரைக்காய் முற்றலா என்று கேட்டேன். பிஞ்சுங்க மாமா, நீங்கதான பறிச்சுட்டு வந்தீங்க என்றாள். அதற்குமேல் எனக்கு எதுவும் வரவில்லை.

அவள்தான் கேட்டாள். "என்னாலதானுங்களா மாமா? நான் ஏதாச்சும் தப்பா மூடிட்டனுங்களா?"

"உன்னால இல்ல. பூச பொட்டு போயி ஓட்டையில அடச்சுக்கிச்சு."

"ஐயோ. அத்தை அழிக்கக்கூடாதுன்னு சொன்னாங்கன்னு..."

"உன்னால இல்லன்னு சொன்னேன்ல."

குக்கர் எப்போது ஆறும் என்று எனக்குத் தெரியாது. சாதாரணமாக அணைத்தால் வெயிட்டைத் தூக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். இதில் தூக்க முடியாது. ஈரத்தில் ஊறி அந்தச் சந்தனம் எப்போது இளகுமோ அப்போது போகும். அது இப்போதே போகலாம், ஒரு மணி நேரம் கழித்தும் போகலாம். அதுவரைக்கும் அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தால் போதும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் முக்காலியில் அசைகிற சத்தம் அடிக்கடி கேட்டது.

"கால் மரத்துப்போச்சா?"

"இல்லீங்க."

மறுபடி அசைந்தாள்.

"என்ன கண்ணு?"

மிக மெதுவாக, "அத்தை எப்பங்க வருவாங்க?" என்றாள்.

"மத்தியானம் ஆவும்."

"அவ்வளவு நேரம் முடியாதுங்க மாமா."

"என்ன முடியாது?"

"வெளிய போவோணுங்க." அழுகிற மாதிரி சொன்னாள். "நொம்ப நேரமா அடக்கிட்டு இருக்கறனுங்க."

ஏழாம் மாதத்தில் அது எப்படி இருக்கும் என்று மனைவி அவளிடம் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறேன். என்னிடம் அதைச் சொல்ல அவள் எவ்வளவு கூச்சப்பட்டிருப்பாள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சூடாகிறது. அங்கேயே ஏதாவது பாத்திரத்தில் என்று சொல்லலாம், ஆனால் என் வாயால் அதை எப்படிச் சொல்வது. சொன்னாலும் நான் வெளியே இருக்கும்போது அவள் செய்யமாட்டாள். எழுந்து ஓடி வந்துவிடுவாள். அது இன்னும் மோசம், வயிற்றோடு, ஈரத் தரையில்.

"கொஞ்சம் பொறு. ஒண்ணும் செய்யாம அப்படியே இரு" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

மறைப்பு ஒன்று வேண்டும். பலகை எதுவும் கையில் இல்லை. தகரம் காப்பி காயப்போடுகிற களத்தில் கிடந்தது, அதை எடுத்து வர நேரம் ஆகும். மகன் அறையில் கட்டில் மெத்தை ஞாபகம் வந்தது. அவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் நான் கால் வைத்ததில்லை. போனேன். போர்வையையும் தலையணையையும் தரையில் தள்ளிவிட்டு மெத்தையை இழுத்தேன். இலவம்பஞ்சு, கனம். அறை வாசலில் மாட்டிக்கொண்டது. வளைத்து மடித்து வெளியே கொண்டுவந்தேன்.

"என்னங்க மாமா சத்தம்?"

"மெத்தை."

"மெத்தைங்களா?"

"நான் இதைய நட்டமா நிறுத்தி அடுப்ப மறைச்சுக்கறேன். உம்பக்கத்து ஓரத்த நீ புடிச்சுக்க. இது தொய்யும், விட்டுப்போடாத. மெத்தையோட ஒட்டி நடந்து வந்துரு. ஓடாத. குனியாத. அந்தப் பக்கம் பாக்காத."

நான் வாசலில் நின்றபடி மெத்தையை நிமிர்த்தி உள்ளே தள்ளினேன். மேடைக்கு முன்னால் அது சுவர் மாதிரி நின்றது, ஆனால் நடுவில் குழைந்தது. அவள் கிரைண்டரைத் தாண்டி வந்து மறு ஓரத்தைப் பிடித்தாள். அவள் விரல்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. அவரைக்காய்ப் பச்சை ஒட்டிய விரல்கள். மெத்தை நிமிர்ந்தது.

"வா."

ஒரு அடி வைத்தாள். நின்றாள். வயிறு முன்னால் இருக்க அந்த இடுக்கில் நேராக வர முடியவில்லை. பக்கவாட்டில் திரும்பி, முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டு வந்தாள். அடுப்புக்கு நேராக வந்தபோது அவள் மூச்சு எனக்குக் கேட்டது. நான் மூச்சு விடவில்லை. அவள் என் பக்கத்துக்கு வந்துவிட்டாள், ஒரு கால் நிலைப்படியில் வைத்துவிட்டாள்.

அப்போது போனது.

வெடி மாதிரி இல்லை. முதலில் 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். வெயிட் தூக்கி எறியப்பட்டுக் கூரைத் தகரத்தில் அடித்தது. அதன் பின்னாலேயே ஒரு சீறல், நிற்காத சீறல், எஞ்சின் ஆவி விடுகிற மாதிரி. பருப்புத் தண்ணீர் கூரைவரைக்கும் போய் மழையாக விழுந்தது. மெத்தையில் படபடவென்று அடித்தது. என் வலது கை மெத்தைக்கு வெளியே ஓரத்தைப் பிடித்திருந்தது. அதன்மேல் கொதிப்பு விழுந்தது. நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் மெத்தை சாயும், அவள் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை.

"போ" என்றேன். கத்தினேன் என்று அவள் பிறகு சொன்னாள்.

அவள் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை, நிற்கவில்லை. பின்வாசல் வழியாக அவள் காலடிச் சத்தம் போனது. குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் விழுந்தது. அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் நான் மெத்தையை விட்டேன். அது அப்படியே அடுப்பின்மேல் சாய்ந்தது. சீறல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றது.

மனைவி வந்தபோது நான் முன்வாசல் படியில் ஒரு வாளித் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மருமகள் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அன்று என்னைப் பார்த்து அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கத் தெம்பில்லை. மனைவி சமையலறையை எட்டிப் பார்த்தாள். மெத்தை, அதன்மேல் மஞ்சளாகப் பருப்பு, கூரையிலிருந்து சொட்டுகிற பருப்பு.

"ஏனுங்க, ஒரு பருப்புக்கொழம்பு வெக்கறதுக்கு மெத்தையெல்லாம் தேவப்பட்டுதுங்களா?" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவள் என் கையைப் பார்த்தாள், மருமகளின் முகத்தைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள்.

நடந்ததை மருமகள்தான் சொன்னாள். மனைவி மூடியை எடுத்துக்கொண்டு வந்து முனையைப் பார்த்தாள். ஓட்டையின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் சந்தனம் ஒட்டியிருந்தது. ஈர்க்குச்சியால் அதைச் சுரண்டினாள். யார் விரல் வைத்த பொட்டு என்று அவள் கேட்கவில்லை, நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை. வால்வைத் திருகிக் கழற்றிப் பார்த்தேன். ஒன்றும் ஆகாமல் புதிதாகவே இருந்தது. அதைக் கொல்லையில் எறிந்தேன்.

"கண்ணு, எங்கயாச்சும் பட்டுதா?" என்று மனைவி மூன்றாவது தடவை கேட்டாள்.

"இல்லீங்க அத்தை. ஒரு சொட்டுகூட படலீங்க." பிறகு தயங்கி, "ஆனா அப்பலேருந்து வயித்துல அசையலீங்க" என்றாள்.

மனைவி அவளை இடது பக்கமாகப் படுக்க வைத்தாள். வெல்லத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள். நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் வண்டி எதுவும் போகவில்லை. எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டருக்குப் போன் செய்து ஜீப் கேட்டேன். நானாக அவரிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. ஜீப் சேலத்துக்குப் போயிருக்கிறது, வந்ததும் அனுப்புகிறேன் என்றார்.

விளக்குப் போடுகிற நேரத்தில் உள்ளேயிருந்து மருமகளின் குரல் வந்தது. "அத்தை, இங்க கை வெய்யுங்க."

மனைவியின் வளையல் சத்தம் கேட்டது.

"இதா? இது வாயுவா இருக்கும் கண்ணு."

"இல்லீங்க அத்தை. பாருங்க, மறுக்காவும்."

மனைவி வாசலுக்கு வந்து, "அசஞ்ச மாதிரிதான் இருக்குது" என்று என்னிடம் சொன்னாள். அவள் முகத்தில் நம்பிக்கை முழுதாக இல்லை. நான் ஓசூருக்குப் போன் செய்து மகனிடம், எல்லாரும் நல்லா இருக்கிறோம், குக்கர் ரிப்பேர் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை ஜீப் வந்தது. மூன்று பேரும் ஏற்காட்டில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். என் கைக்கு மருந்து தடவிக் கட்டுப்போட்டார். திரும்பி வரும்போது ஜீப் இல்லை, நாகலூர் பஸ்ஸில் வந்தோம். மருமகளுக்கு உட்கார இடம் கிடைத்தது.